மார்பு எக்ஸ்-ரேயில் கட்டியைத் தவறவிடாமல் பார்க்க

அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது சரியில்லை என்பதை ஓரளவு பிடித்துவிடுவார். பிறகுதான் நிதானமாகத் தேடுவார். புதிதாக வந்தவருக்கு அந்த முதல் பார்வை இன்னும் கைகூடியிருக்காது. ஆகவே ஒழுங்குமுறையை நம்புங்கள்.

முதலில் படத்தின் தரம். பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்தாவது தெரிகிறதா? மூச்சை முழுதாக இழுக்காத படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, கட்டியை மறைக்கும்.

அடுத்து, கட்டி ஒளிந்துகொள்ளும் இடங்கள்: காரை எலும்புக்குப் பின்னே நுரையீரல் உச்சி, ஹைலம் (மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்), இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே. உச்சியில் வலமும் இடமும் மாறி மாறி ஒப்பிடுங்கள். காரை எலும்பும் முதல் விலாவும் குறுக்கிடும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் சற்றே அடர்த்தியாக இருந்தால், "எலும்புதான்" என்று தாண்டிப் போகாதீர்கள். கண் அங்கே போயும் மனம் தள்ளிவிடுவதால் நழுவும் கட்டிகள் நிறைய. 1970களில் ஆய்வாளர்கள் குண்டெல், நோடின் குழுவினர் எக்ஸ்-ரே பார்ப்பவர்களின் கண் அசைவை அளந்து காட்டியதும் இதைத்தான்.

நிமோனியாவோ நீர்க்கோர்ப்போ கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்துவது மூத்தவர்களுக்கும் நேரும் பிழை. ஒன்று கிடைத்த பிறகும் மிச்ச இடங்களைப் பார்த்து முடியுங்கள்.

கீழ்ப்பகுதியில் உருண்டை நிழல் தெரிந்தால் அது முலைக்காம்பின் நிழலாகவும் இருக்கலாம்; முலைக்காம்பில் உலோகக் குறி ஒட்டி மறுபடி எடுங்கள். பழைய படத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி எக்ஸ்-ரேயில் எளிதில் தெரியாது.