அடோபோவை அவசரப்பட்டுக் கிளறியது யார்?

பிலிப்பினோ குடும்பம் நடத்தும் ஒரு சின்ன உணவகத்தை வைத்து, ரத்தம் தெறிக்காத துப்பறியும் கதை எழுதப் போகிறீர்களா? பிணத்தைத் தேடாதீர்கள், அடுப்பைப் பற்றவையுங்கள். முதல் வரைவில் கொலையோடு தொடங்கி நாற்பது பக்கம் தடுமாறினேன். அடுத்ததில் ஒரு சட்டி அடோபோவை, அதாவது வினிகரில் வேகவைக்கும் இறைச்சிக் குழம்பை, வைத்ததும் கதைக்கு வழி கிடைத்தது.

குற்றம் சின்னதாக இருக்கட்டும். என் கதையில் காணாமல் போவது பலுவாகன் பணம், நம் சீட்டு மாதிரிதான். பன்னிரண்டு பேர் மாதம் 2,000 பெசோ போட, ஒருவருக்கு 24,000 கிடைக்கும். அது தொலைந்தால் தெருவே பதறும்.

இப்போது துப்பு. அடோபோவுக்கு வினிகர் ஊற்றினால், அது கொதிக்கும்வரை கரண்டி போடக் கூடாது. போட்டால் பச்சைப் புளிப்பு தங்கிவிடும் என்பார்கள். லோலா, அதாவது பாட்டி, ஒரு துண்டை வாயில் வைக்கிறார். மெல்வது நிற்கிறது. "இதை என் பேரன் சமைக்கவில்லை." காலையெல்லாம் அடுப்படியில்தான் இருந்தேன் என்ற பேரனின் பேச்சு அங்கேயே உடைகிறது. இப்படி ஒரு துப்பு கிடைத்தால் கைரேகையே வேண்டாம். ஆனால் வினிகர் விஷயத்தை முதல் அத்தியாயத்திலேயே லோலா யாரையாவது அதட்டும் சாக்கில் சொல்லிவிடுங்கள். வாசகரிடம் ஒளித்து வைத்து ஜெயிப்பது நியாயமில்லை.

வாசகரைத் திசைதிருப்ப உறவுச் சொற்களே போதும். குயா என்றால் அண்ணன். ஆனால் டிரைசைக்கிள் ஓட்டுபவரையும் குயா என்றுதான் கூப்பிடுவார்கள். "குயாதான் பணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்" என்று ஒரு சிறுமி சொல்லட்டும். எல்லோரும் அவளுடைய அண்ணனையே முறைப்பார்கள். அதற்கு முன்பே ஒரு காட்சியில் அவள் ஓட்டுநரைக் குயா என்று அழைத்திருக்க வேண்டும்.

காலத்துக்கு டிசம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் சிம்பாங் காபி என்ற கிறிஸ்துமஸ் வழிபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது விடியற்காலைப் பூசைகள், ஒன்பது அத்தியாயங்கள். இடம் பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ நகரம் என்றால் ராட்சத கிறிஸ்துமஸ் விளக்குகளும் கிடைக்கும். கேட்டவரெல்லாம் "கோயிலில் இருந்தேன்" என்பார்கள். பூசை முடிந்து பிபிங்கா என்ற அரிசி கேக் வாங்க வந்தது யார், வராதது யார் என்று தீதாக்களுக்கு, அந்த அத்தைமார்களுக்கு, அத்துப்படி.

முடிச்சை 24 நள்ளிரவு நோச்சே புவேனா விருந்தில் அவிழுங்கள். போலீஸ் வேண்டாம். பணத்தை எடுத்தவர் தலைகுனிந்து நிற்க, லோலா ஒரு தட்டில் சோறு போட்டு அவர் பக்கம் நகர்த்துகிறார்.