வெடிச்சத்தத்துக்கு அஞ்சும் நாய்: தீபாவளிக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவின் வீடுகள் நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்பவை. பக்கத்து முற்றத்தில் கொளுத்தும் சரவெடி எங்கள் கூடத்திலேயே வெடிப்பதுபோல் கேட்கும். டர்பனில் இடிமழைக் காலம் அக்டோபரில் தொடங்குகிறது. அதனோடு சேர்ந்தாற்போல் தீபாவளியும், நவம்பர் 5ஆம் நாள் வெடி கொளுத்தும் கை ஃபாக்ஸ் இரவும், புத்தாண்டு நள்ளிரவும் வருவதால், ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் எங்கள் நாய் கறுப்பிக்கு நிம்மதி என்பதே இருந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளி இரவில் அவள் வாசல் கேட்டின் அடியில் மண்ணைப் பறித்து வெளியே போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் உம்ஹ்லதுசானா ஆற்றோரத்தில் அவளைக் கண்டுபிடித்தபோது, முன்கால் நகங்கள் இரண்டு வேரோடு பெயர்ந்திருந்தன. மறு ஆண்டு கடையில் அகப்பட்ட இயற்கை மருந்துகளையெல்லாம் தீபாவளிக்கு முதல் நாள் வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தேன்; ஒரு பயனும் இல்லை. கடந்த ஆண்டு அவள் படுத்த இடத்தைவிட்டு எழாமல் எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அச்சத்தை அடையாளம் காணுங்கள்

நாய் நடுங்குவதும் ஊளையிடுவதும் அச்சத்தின் கடைசிக் கட்டம். அதற்கு வெகுநேரம் முன்பே அது தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், உணவில்லாமல் உதட்டை நக்கும், வெயிலில்லாமல் மூச்சிரைக்கும், கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பிப் பார்க்கும், வீட்டுக்குள் நிலையில்லாமல் நடக்கும். அச்சத்தைத் தணிப்பது இந்த நிலையில்தான் எளிது.

உங்கள் நாய் இளவயதில் வெடிக்கு அஞ்சாமல் இருந்து, ஏழெட்டு வயதில் திடீரென்று அஞ்சத் தொடங்கியிருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு, தசை வலியுள்ள நாய்களில் சத்த அச்சம் பிந்திய வயதில் தொடங்குவதை இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். சத்தத்தால் திடுக்கிட்டு உடல் இறுகும்போது வலி கூடுகிறது. நாய் அந்த வலியைச் சத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

பதுங்குமிடம்

இதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், நாயே தேர்ந்தெடுத்திருக்கும். கறுப்பி எப்போதும் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள சன்னலில்லாத நடைவழிக்குத்தான் போவாள். அங்கே ஒரு பழைய மேசையைப் போட்டு, அதன்மேல் தடித்த கம்பளி இரண்டை மூன்று பக்கமும் தரைவரை தொங்கவிட்டு, உள்ளே நான் துவைக்காமல் வைத்திருந்த ஒரு சட்டையை விரித்தேன். கதவுள்ள கூண்டில் அடைக்காதீர்கள். அடைபட்ட நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். முற்றத்தில் சங்கிலியில் கட்டிவைப்பது அதைவிடக் கேடு.

சத்தத்தைப் பழக்குதல்: நான் தடுக்கி விழுந்த இடம்

முறை என்னவோ எளிது. பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிக மெல்லிய அளவில் ஒலிக்கவிட்டு, உடனே நாய்க்கு மிகவும் பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். நாளடைவில் சத்தம் கேட்டால் அது அச்சப்படுவதை விட்டுத் தின்பண்டத்தை எதிர்பார்க்கத் தொடங்கும். இதை நான் தீபாவளிக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கியும் முதல் இரண்டு வாரங்களில் அவள் நிலை மேலும் மோசமாயிற்று.

காரணம், நான் வரிசையைத் தலைகீழாகச் செய்ததுதான். முதலில் பாலாடைக்கட்டியின் உறையைப் பிரித்து ஒரு துண்டை அவள் வாயில் வைத்து, அவள் மென்றுகொண்டிருக்கும்போது சத்தத்தைப் போட்டேன். வாயில் உணவு இருந்தால் அஞ்சமாட்டாள் என்பது என் கணக்கு. அவள் போட்ட கணக்கு வேறு. பாலாடைக்கட்டி வந்தால் அடுத்து வெடி வரும் என்று அவள் கற்றுக்கொண்டாள். பத்தாம் நாள் நான் என் ரொட்டிக்காக அந்த உறையைப் பிரித்த சரசரப்புக் கேட்டதுமே, கூடத்தில் படுத்திருந்தவள் எழுந்து வாலை இடுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டாள். வீட்டில் வெடியும் இல்லை, இடியும் இல்லை.

ஆகவே சத்தம் முதலில். ஒரு நொடி கழித்து உணவு. சத்தம் இல்லாத நேரத்தில் கையில் உணவே தெரியக்கூடாது. துண்டுகளை நறுக்கி ஒரு மூடிய டப்பாவில் போட்டு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடி சத்தம், ஒரு துண்டு, அரை நிமிட அமைதி, மறுபடியும் சத்தம். சத்தத்தின் அளவு, நாயின் காது மட்டும் அசையும்படி இருந்தால் போதும். நாய் தலையைத் திருப்பிக்கொண்டாலோ துண்டை வாங்க மறுத்தாலோ அளவு கூடிவிட்டது என்று பொருள். குறைத்துவிட்டு மறுநாள் தொடருங்கள். நான் ஸ்பீக்கரின் அளவை மூன்று நாள்களுக்கு ஒரு முறை ஒரே ஒரு புள்ளிதான் உயர்த்தினேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பழக்க வேண்டிய வாரங்களும் புரட்டாசி விரதமும் ஒன்றாக வருவதால், அடுப்பில் கோழியோ முட்டையோ ஏறாது. பாலாடைக்கட்டியை நான் ஏற்கெனவே பாழாக்கிவிட்டிருந்தேன். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கிக் கொடுத்தேன்; வாங்கித் தின்றாள், ஆனால் வேண்டாவெறுப்பாக. புரட்டாசி முடிந்த மறுநாள் அவித்த கோழி ஈரலுக்கு மாறியதும், இரண்டு வாரங்களில் நடக்காத முன்னேற்றம் நான்கே நாள்களில் நடந்தது. உங்கள் வீட்டிலும் விரதம் என்றால், உப்பில்லாத பனீரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியின் ஸ்பீக்கரை மட்டும் நம்பாதீர்கள். அதில் ராக்கெட்டின் சீழ்க்கை ஒலிக்குமே தவிர, இடியின் அடித்தொண்டை உறுமல் ஒலிக்காது. கைப்பேசியில் பழகிய நாய் உண்மையான இடிக்கு மீண்டும் அஞ்சும். பெரிய ஸ்பீக்கர் ஒன்றை அடுத்த அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பதே சிறந்தது.

ஆறு வாரம் தவறிவிட்டால் என்ன செய்வது? வெடி வெடிக்கும் அன்றே, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடனே ஒரு துண்டு கொடுங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் உரிமையாளர்களிடம் எது பலித்தது என்று கேட்டார்கள். சத்தத்துக்குப்பின் உணவோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பலித்ததாகச் சொன்னார்கள். மூலிகை, மலர் மருந்து, நறுமண எண்ணெய், ஃபெரமோன் (விலங்குகள் ஒன்றுக்கொன்று குறிப்புணர்த்தச் சுரக்கும் பொருள்) ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. உடலை இறுக்கிக் கட்டும் சட்டைக்கு 44 சதவீதம். அந்த அட்டவணையைப் படித்த பிறகுதான் என் பணம் எங்கே போயிற்று என்று எனக்குப் புரிந்தது.

கடையில் விற்கும் இயற்கை மருந்துகள்

இவற்றை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. பழக்கத்துக்குத் துணையாகவே வைத்திருக்கிறேன். பாலூட்டும் தாய்நாயின் மடிப்பகுதியில் சுரக்கும் ஃபெரமோனைப் போலச் செய்து விற்பதுதான் அடாப்டில். சுவரில் செருகும் கருவியின் புட்டி ஏறக்குறைய 30 நாள் வரும். ஆனால் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் அந்தக் கருவியும் சேர்ந்து அணையும். ஆகவே என் தேர்வு கழுத்துப்பட்டை வடிவம்தான். பாலின் புரதத்திலிருந்து எடுக்கும் ஆல்ஃபா காசோசெபைன் மாத்திரைகளையும், தேயிலையிலுள்ள எல்-தியானினையும் சில நாள்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். அன்று மாலை கொடுத்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்ப்பது வீண். ஆறவைத்த ரூயிபோஸ் என்ற மூலிகைத் தேநீரில் கஃபீன் இல்லையாதலால் பால், சர்க்கரை சேர்க்காமல் கொஞ்சம் கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அது அமைதிப்படுத்துகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

லாவண்டர் எண்ணெயை ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு, நாய் விலகிப் போக இடமிருக்கும் அறையில் வையுங்கள். தோலில் தடவக்கூடாது.

இறுக்கச் சட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய பருத்தி டீ-சர்ட்டின் கைகளில் நாயின் முன்கால்களை நுழைத்து, முதுகின்மேல் துணியைக் கூட்டி ஒரு முடிச்சுப் போட்டால் போதும். இரண்டு விரல் நுழையும் இறுக்கம் இருக்க வேண்டும். டர்பனின் புழுக்கத்தில் நாய் அதைப் போட்டுக்கொண்டு இரைக்கத் தொடங்கினால் உடனே கழற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதவை

குழந்தை தூங்காவிட்டால் ஜாதிக்காயை உரைத்து நாவில் தடவுவது எங்கள் ஆயா காலத்து வழக்கம்; கறுப்பிக்கும் அதைக் கொடுக்கலாமே என்று என் மாமியார் அன்போடுதான் சொன்னார். ஜாதிக்காயிலுள்ள மிரிஸ்டிசின் நாய்க்கு நஞ்சு. பூசையறைக் கற்பூரமும், தேயிலைமர எண்ணெயும் அப்படியே. பண்டிகை நாளில் பாயசத்திலுள்ள உலர்திராட்சையையும், கிண்ணத்தில் வைக்கும் மக்கடேமியாக் கொட்டையையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். நக்கித் தின்னப் பீநட் பட்டர் கொடுப்பவர்கள், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். சிறிதளவே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

பெரியவர்கள் வீட்டுக்குள் டாக்கா, அதாவது கஞ்சா, பயன்படுத்துவது குற்றமல்ல என்று தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்ததிலிருந்து, வீட்டில் காய்ச்சிய டாக்கா எண்ணெயை நாய்க்குச் சொட்டுவிடச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதிலுள்ள டிஎச்சி என்ற போதைப்பொருள் நாயைத் தள்ளாடவைக்கும், சிறுநீர் அடக்க முடியாமல் செய்யும், அளவு மிஞ்சினால் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அன்றைய இரவு

வெளிச்சம் இருக்கும்போதே, மாலை ஐந்து மணிக்குள், நீண்ட நடை கூட்டிச்சென்று திரும்பிவிடுங்கள். உணவையும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் உள்ளதா, நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் பதிவிலுள்ள எண் இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எங்கள் பதிவில் நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட எண்தான் இருந்தது. திரைகளை இழுத்துவிட்டு, மின்கலத்தில் ஓடும் வானொலியில் ஏதேனும் மெல்லிசை வையுங்கள். நாய்க் காப்பகம் ஒன்றில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மென்மையான ராக்கும் ரெகேயும் நாய்களை அதிகம் அமைதிப்படுத்தின; பறை மேளம் முழங்கும் பாடல்கள் வேண்டாம்.

நாய் உங்கள் மடியைத் தேடி வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்று சொல்வதைக் கேட்டு, முதல் ஆண்டு நான் அவளை விலக்கிவிட்டேன். அச்சம் என்பது தந்திரமன்று, பரிசு கொடுத்தால் வளர்வதற்கு. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிற்சேர்க்கை 1

லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர், தம் நாய் பதிவுச் சத்தத்துக்கு அசையவே இல்லை, ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் பிற்பகல் இடிக்கு மழைக்கு அரைமணி முன்பே நடுங்குகிறது என்று எழுதியிருந்தார். இடியை மட்டும் அன்றி, இருள்வதையும் காற்று மாறுவதையும் அது முன்னறிவிப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் வானம் கறுக்கத் தொடங்கும்போதே அதைப் பதுங்குமிடத்துக்கு அழைத்துச்சென்று உணவு தடவிய நக்கும் தட்டைக் கொடுங்கள். திரையை மூடி விளக்கைப் போட்டுவிட்டால் மின்னலும் தெரியாது.

பிற்சேர்க்கை 2

மருத்துவர் தந்த மயக்க மாத்திரையைப் பற்றி மூவர் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கும் ஒரு மருத்துவமனையில் அசிபுரோமசின் தந்தார்கள். அது உடலைத் தளர்த்துமே தவிர அச்சத்தைக் குறைப்பதில்லை. கறுப்பி அசைய முடியாமல், விழித்த கண்ணோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அது மட்டும் தனியாகத் தரப்பட்டால், அச்சத்தையே தணிக்கும் மருந்து உண்டா என்று மருத்துவரைத் திருப்பிக் கேளுங்கள். உண்டு. நாய் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அஞ்சினால் இயற்கை முறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் அதை வாங்கிக் கொடுங்கள்; பழக்கும் வேலையைப் பொங்கலுக்குப் பின், தெரு அமைதியான பிறகு தொடங்கிக்கொள்ளலாம்.