மயோர்கா மலைச்சாலைகளில் முதல் சைக்கிள் பயணம்: புதியவர்களுக்கான பாதைத் தேர்வு

ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் இருக்கும் மயோர்கா தீவுக்கு, இளவேனில் தொடங்குமுன்பே ஐரோப்பாவின் சாலை சைக்கிள் குழுக்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தொழில்முறை வீரர்கள் பயிற்சிக்கு வரும் இடம் என்பதால் புதியவர்களுக்கு இது ஒத்துவராது என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் தீவின் அமைப்பு புதியவர்களுக்கே மிகவும் வசதியானது. வடமேற்கு ஓரம் நெடுக த்ரமுந்தானா மலைத்தொடர் நிற்கிறது. அதன் மறுபக்கத்தில் பாதாம் தோப்புகளும் காற்றாலைகளும் நிறைந்த சமவெளி விரிகிறது. ஒரே ஊரில் தங்கிக்கொண்டு, உடல்நிலைக்கு ஏற்ப இன்று சமவெளி, நாளை மலை என்று மாற்றிக்கொள்ள முடியும்.

சிக்கல் பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் வருகிறது. சமவெளியில் 60 கி.மீ. ஓட்டிப் பழகியவர், வரைபடத்தில் 60 கி.மீ. என்று பார்த்ததும் துணிந்து கிளம்பிவிடுகிறார். மலையில் தூரம் இரண்டாம்பட்சம். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும், முடியாமல் போனால் பாதியில் எங்கே திரும்பலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே பாதையை முடிவு செய்ய வேண்டும்.

படி 1: காலமும் தங்குமிடமும்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் சுற்றுலா வாகனங்களும் சேர்ந்து வாட்டிவிடும். தங்குவதற்குத் தீவின் வடகோடியில் உள்ள போர்ட் தெ பொயென்சா என்ற துறைமுக ஊரைப் பரிந்துரைப்பேன். ஒரு பக்கம் தட்டையான வளைகுடா, மறுபக்கம் மலையின் தொடக்கம். சோயெர் அழகில் குறைந்த ஊர் அல்ல. ஆனால் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் அங்கிருந்து வெளியே வர எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

படி 2: வாடகை சைக்கிளைச் சரிபார்த்தல்

நல்ல சாலை சைக்கிள்கள் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. இளவேனிலில் கூட்டம் அதிகம் என்பதால் உங்கள் உயரத்தைச் சொல்லி முன்பதிவு செய்துவிடுங்கள். முன்பக்கப் பல்சக்கரங்கள் 50, 34 பற்களும், பின்பக்கத்தில் ஆகப் பெரியது 34 பற்களும் உள்ள அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் 34 பற்களில் இருக்கும்போது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆகவே நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால் மணிக்கு 9 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகம் வரும். கடும் ஏற்றத்தில் புதியவருக்கு அந்த வேகமே போதுமானது. பின்பக்கம் 28 பற்கள் மட்டும் இருந்தால் அதே 70 மிதிக்கு மணிக்கு 10.5 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். அந்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காதபோது மிதி தளர்ந்து முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

கடையை விட்டுக் கிளம்புமுன் பிரேக் பிடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பிடி முன் சக்கரத்துக்கு இருக்கும். ஸ்பெயினில் வழக்கமாக இடக்கைப் பிடிதான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். இறக்கத்தில் பதற்றத்தோடு ஒரு கையை இறுக்கும்போது எந்தச் சக்கரம் நிற்கும் என்பது கைக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றித் தரச் சொன்னால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள்.

படி 3: சாலை விதிகளைப் பழகுதல்

அங்கே போக்குவரத்து வலப்புறம். நேரான சாலையில் இது எளிதில் பழகிவிடும். ரவுண்டானாவிலும், ஆளில்லாத கிராமத்துத் தெருவில் திரும்பும்போதும்தான் பழைய வழக்கம் தலைதூக்கும். ஊர் எல்லைக்கு வெளியே ஹெல்மெட் அணிய வேண்டும். உங்களை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலோர் அதை மதிக்கவும் செய்கிறார்கள். அவசர உதவிக்கு 112.

படி 4: பாதையின் எண்களைப் படித்தல்

எந்தப் பாதைச் செயலியிலும் தூரத்தோடு மொத்த ஏற்றமும் மீட்டரில் காட்டப்படும். ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 10 மீட்டருக்குள் என்றால் சமவெளிப் பழக்கம் போதும். 15 மீட்டரைத் தாண்டினால் மலைப்பாதை என்று கொள்ளுங்கள். 20 மீட்டருக்கு மேல் போகும் பாதையை முதல் வாரத்தில் தொடாதீர்கள்.

ஃபோர்மென்தோர் முனைக்குச் செல்லும் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போர்ட் தெ பொயென்சாவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 20 கி.மீ. கடலோரப் பாதை, கலங்கரை விளக்கம், குறைந்த தூரம் என்று வரைபடத்தில் எல்லாம் சாதுவாகத் தெரியும். சைக்கிளில் ஏறினால் ஊரைத் தாண்டியதும் ஒரு மலைத்தோளில் ஏறி, மறுபக்கம் கடற்கரைக்கு இறங்கி, மீண்டும் ஏறி, ஒரு சுரங்கத்தைக் கடந்து, மறுபடியும் இறங்கி ஏற வேண்டும். திரும்பும்போதும் அத்தனையும் இருக்கின்றன. சராசரிச் சரிவு குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான். கால் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சுரங்கத்துக்காக முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். சாலையில் ஆடுகள் குறுக்கிடும்.

படி 5: முதல் நாள், சமவெளியில்

போர்ட் தெ பொயென்சாவிலிருந்து கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் பொயென்சா ஊர், அங்கிருந்து கம்பனேத்துக்குச் செல்லும் பழைய கிராமச் சாலை, பூஜெர், சா பொப்லா, அல்கூதியா, மீண்டும் துறைமுகம் என்று ஒரு வட்டம் போடுங்கள். ஏறக்குறைய 50 கி.மீ. வரும். பொயென்சாவுக்கும் கம்பனேத்துக்கும் இடைப்பட்ட சாலை ஒரு கார் செல்லும் அளவுக்கே அகலமானது. இருபுறமும் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் ஆடுகளின் கழுத்துமணி ஓசை. மலைச்சரிவுகளை ஒலிவப் படிவயல்களாக மாற்றிய இதே கல்லடுக்கு வேலையையும் கணக்கில் கொண்டுதான் யுனெஸ்கோ 2011-இல் த்ரமுந்தானாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பொயென்சாவில் கல்வாரி குன்றுக்கு 365 படிகள் உண்டு. ஏறிப் பார்க்கும் ஆசையைச் சைக்கிள் ஓட்டாத நாளுக்கு ஒத்திவையுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு தகவல்: எல்லா பேக்கரிகளிலும் அடுக்கியிருக்கும் சுருள் வடிவ என்சைமாதாவில் மரபாகப் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். ரொட்டியில் ஒலிவ எண்ணெயும் தக்காளியும் தேய்த்துத் தரும் பா அம்ப் ஒலியைக் கேட்டு வாங்கலாம். மேலே பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

படி 6: முதல் மலை, லியுக்

இரண்டு நாள் சமவெளியில் ஓட்டிய பிறகு, கைமாரி கிராமத்திலிருந்து கோல் தெ சா பதாயா கணவாய்க்கு ஏறுங்கள். ஏறக்குறைய 8 கி.மீ. நீளம், சராசரி 5 விழுக்காடு சரிவு, உச்சி 576 மீட்டர். புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்றம் தீவில் இல்லை என்பது என் கருத்து. சரிவு பெரிதாக ஏறி இறங்காமல் ஒரே சீராகச் செல்கிறது. எந்த இடத்திலும் சைக்கிளைத் திருப்பிக் கைமாரிக்கு இறங்கிவிடலாம். உச்சியில் பெட்ரோல் பங்கும் அதை ஒட்டி ஒரு காபிக் கடையும் இருக்கின்றன.

தொடக்கத்திலேயே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள். முதல் 2 கி.மீ. முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சில் இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளோரம் எப்போதும் அதிகச் செங்குத்தாக இருக்கும். வலப்புறம் திரும்பும் வளைவில் நீங்கள் அந்த உள்ளோரத்தில்தான் மாட்டுவீர்கள் என்பதால், பின்னால் வாகனம் இல்லாதபோது உங்கள் தடத்துக்குள்ளேயே சற்று வெளிப்பக்கம் தள்ளி ஏறுங்கள்; இரண்டு மிதிகள் கூடினாலும் கால் இறுகாது. அருகிலுள்ள லியுக் மடாலயத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, மா-10 சாலை வழியாக ஃபெமேனியா கணவாயைக் கடந்து பொயென்சாவுக்கு இறங்கலாம்.

படி 7: இறங்கப் பழகுதல்

ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும். கைகள் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் இருக்கட்டும். அங்கிருந்துதான் பிரேக்குக்கு முழு வலு கிடைக்கும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிடியைத் தளர்த்துங்கள். வெளிப்பக்கத்துக் கால் கீழே, உடல் எடை அதன்மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். இடப்புற வளைவில் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே வெட்டாதீர்கள். எதிரே வரும் பேருந்துக்குத் திரும்ப அந்த இடம் தேவைப்படும். தேய்ந்து மெருகேறிய இந்தச் சாலைகள் மழையில் வழுக்கும். மழை நாளில் சமவெளியே நல்லது.

படி 8: சா கலோப்ரா

மேற்சொன்னவை கைவந்த பிறகே சா கலோப்ரா கடற்கரைக்கு இறங்கும் சாலையை எண்ணிப் பாருங்கள். பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி வடிவமைத்து 1932-இல் முடிந்த இந்தச் சாலை, ஏறக்குறைய 680 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து கடல்மட்டம் வரை இறங்குகிறது. சுரங்கம் ஒன்றுகூடத் தோண்டவில்லை. உயரத்தைச் சமாளிக்கச் சாலையையே நீட்டி மடித்திருக்கிறார். உச்சிக்கு அருகில் சாலை 270 பாகை சுழன்று தன் அடியிலேயே பாலத்தின் கீழ் நுழைகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை டை முடிச்சு என்கிறார்கள்.

மற்ற மலைகளில் ஏறிய பிறகு இறங்குகிறோம். இங்கே முதலில் இறக்கம், பிறகுதான் 9 கி.மீ.க்கு மேல் சராசரி 7 விழுக்காட்டில் ஏற்றம். சாலை கீழே முடிந்துவிடுவதால் திரும்ப வேறு சாலையும் இல்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் கணவாயின் உச்சி. பொயென்சாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தபோதே கால் களைத்திருந்தால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். இறங்குவதானால் சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் காலையிலேயே இறங்கி, கீழே இரண்டு பாட்டில்களையும் நிரப்பி, ஏதாவது தின்றுவிட்டு ஏறத் தொடங்குங்கள்.

கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் கீழிருந்து சோயெர் துறைமுகத்துக்குப் படகு உண்டு. களைத்தவர்களுக்கு அது வழி என்று சொல்வார்கள்; சோயெரில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பொயென்சாவில் தங்கியிருப்பவர் அந்தப் படகில் ஏறினால், திரும்பும் வழியில் 14 கி.மீ. நீளமுள்ள புய்க் மஜோர் ஏற்றம் காத்திருக்கும். அதற்குப் பதிலாக, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் பெரிய டாக்ஸியின் எண்ணைக் கிளம்புமுன் தங்குமிடத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.