ரைசன் மடிக்கணினியில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்
காரைக்குடிக் கடைகளில் குறைந்த விலை மடிக்கணினி பார்க்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் 'ரைசன் 5' என்ற பெயரோடு நின்றுவிடாமல், பிராசசரின் (கணினியை இயக்கும் முதன்மைச் சிப்பின்) முழு எண்ணைக் கேட்டு அதன் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் 7000 வரிசையில் அந்த இலக்கமே உள்வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது: 7520யு என்பது 2019இல் வெளிவந்த ஸென் 2 வடிவமைப்பைக் கொண்ட 4 கோர் (கணக்கிடும் பகுதி) சிப்; 7530யு என்பதோ ஸென் 3, 6 கோர். 7520யுவில் ரேம் (வேலை நினைவகம்) தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருவதால், பிறகு கூட்டவும் இயலாது. அழகப்பா கல்லூரிகளில் சேரும் பிள்ளைகளுக்காக, படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும் என்று வாங்குபவர்கள், விலை வேறுபாடு சிறிதென்றால் தயங்காமல் 7530யுவையே எடுக்கலாம். இன்டெல் சிப்புகளுக்கும் 5000 வரிசை ரைசனுக்கும் இந்த விதி பொருந்தாது. கடைக் கணக்கும் கடிதமும் மட்டும் தட்டச்சு செய்பவர்களுக்கு 7520யுவே போதும்.