டீசல் முள் படுத்துவிட்டதா? மீட்டரை மாற்றும் முன்...

எண்ணூர், மணலி பக்கம் ஓடும் லாரிகளில் டீசல் முள் படுத்துவிட்டால் உடனே மீட்டரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். டேங்க் மிதவைக்கு (டீசல் அளவை மீட்டருக்குச் சொல்வது) இரண்டு ஒயர் மட்டும் வரும் பழைய வண்டி என்றால், அதன் சாக்கெட்டைக் கழற்றி, சாவி போட்டு, அந்த இரண்டு ஒயரையும் ஒரு நொடி தொடவையுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினால் மீட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு மிதவையில். அசையவே இல்லையா? முதலில் எர்த்தை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒயரைப் பாருங்கள். நம்ம கடற்கரை உப்புக்காற்றுக்கு எர்த் போல்ட் சீக்கிரம் துருவேறிவிடும். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்குங்கள்.

பாரம் ஏற்றினால் இழுவை இல்லையா? டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. இல்லையென்றால் அடுத்து டீசல் ஃபில்டரைப் பாருங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) மட்டும், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அழுத்தம் 1000 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் ஆயிரம் மடங்கைத் தாண்டும். டீசல் தோலைத் துளைத்துவிடும்.