சிவப்பு ஃபில்டரை மாட்டுவதற்கு முன்

சிவப்பு ரோஜாவை அதன் பச்சை இலைகளோடு சேர்த்துக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் நிறக் கண்ணாடி) இல்லாமல் படம் எடுத்துப் பாருங்கள். பூ எது, இலை எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வந்து நிற்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் இதழ் வெளுக்கும், இலை கறுக்கும். பச்சை போட்டால் நேர்மாறு. தன் நிறத்து ஒளியை உள்ளே விட்டு எதிர் நிறத்தைத் தடுப்பதுதான் ஃபில்டரின் வேலை. சிவப்பு ஃபில்டர் சிவப்பை அழுத்தமாகக் காட்டும் என்று நம்பி மாட்டுகிறவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள், முதலில் விட வேண்டியது அந்த நினைப்பைத்தான்.

அடுத்தது வானம். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் நீல வானம் கறுத்து, வெள்ளை மேகம் எடுப்பாகத் தெரியும். மேகம் மூடி வெளுத்துக் கிடக்கும் வானத்துக்கு எந்த ஃபில்டரும் உதவாது, ஏனென்றால் அங்கே தடுப்பதற்கு நீலமே இல்லை. தெளிவான நாளிலும் சூரியனுக்கு அருகிலும் அடிவானத்தை ஒட்டியும் நீலம் வெளிறித்தான் இருக்கும். சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்போது எடுத்தால் பலன் நன்றாகத் தெரியும்.

நான் ஒரு முழு ரோலைக் கெடுத்துக்கொண்டது நிழலில். நல்ல வெயில், மேகம் வெள்ளையாகத் துள்ளி நிற்க வேண்டும் என்று எல்லா ஃபிரேமையும் சிவப்பு ஃபில்டரிலேயே எடுத்தேன். கழுவிப் பார்த்தால் மரத்தடி இருந்த இடமெல்லாம் நெகட்டிவில் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது, வேர் இல்லை, சருகு இல்லை, ஒன்றுமே பதியவில்லை. வெளியில் விழும் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது பெரும்பாலும் நீல வானம். அந்த நீலத்தைச் சிவப்பு ஃபில்டர் நிறுத்திவிட்டால் நிழலுக்கு என்ன மிஞ்சும்? பதியாததை இருட்டறையில் கொண்டுவரவும் முடியாது. அப்புறம் பொதுவான நிலக்காட்சிக்கு மஞ்சளோ ஆரஞ்சோதான் மாட்டுகிறேன். சிவப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1927-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்துவிட்டு, அது போதாது என்று கையில் மிஞ்சிய கடைசிக் கண்ணாடித் தட்டில் (அன்று ஃபிலிமுக்குப் பதிலாகப் பயன்பட்டது) அடர் சிவப்பு போட்டு வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கினார். அவருக்கு அந்தக் கறுப்பு தேவைப்பட்டது. உங்கள் படத்துக்கும் தேவையா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமுக்குக் கொடுக்கும் ஒளியின் அளவு, இந்தக் கணக்கில் சறுக்குவது மிகச் சாதாரணம். ஃபில்டர் தடுக்கும் ஒளியை ஈடுகட்ட எத்தனை மடங்கு ஒளி வேண்டும் என்பதுதான் ஃபில்டர் ஃபேக்டர்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. ஃபில்டர் ஃபேக்டர் 8 என்றால் 8 ஸ்டாப் இல்லை, 8 மடங்கு ஒளி, அதாவது 3 ஸ்டாப். 25-ஆம் எண் சிவப்பு ஃபில்டருக்கு இந்த அளவு, 8-ஆம் எண் மஞ்சளுக்கு ஃபேக்டர் 2, அதாவது 1 ஸ்டாப். (ஃபில்டரின் எண் வேறு, ஃபேக்டர் வேறு, இதையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) கையில் பிடித்து ஒளியை அளக்கும் மீட்டர் என்றால் இதை நீங்கள்தான் கூட்ட வேண்டும். கேமராவே லென்ஸ் வழியாக அளக்கிறது என்றால் மறுபடி கூட்டாதீர்கள். ஆனால் சில மீட்டர்கள் சிவப்பு ஒளியைச் சரியாகப் படிக்காது, அதனால் ஃபில்டரைக் கழற்றி ஒரு தடவை அளந்து 3 ஸ்டாப் கூட்டி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முகத்துக்குச் சிவப்பு வேண்டாம், உதடு தோலோடு கரைந்துவிடும். பருவும் தழும்பும் மறையும் என்பது உண்மைதான், கூடவே முகத்தின் உயிரும் போய்விடும். ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு ஃபில்டரை நினைக்கவே கூடாது, அந்த ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது.

சரி, டிஜிட்டல்? சாதாரண வண்ண சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போட்டால் மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லாமல் போய், நுணுக்கம் குறைந்து, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) ஏறும். ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வண்ணத்திலேயே எடுத்துவிட்டு, கருப்பு வெள்ளையாக மாற்றும்போது நிறம் நிறமாக ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். மோனோக்ரோம் மோடில் ஜேபெக் மட்டும் எடுத்தால் அந்த வசதி போய்விடும். வண்ணமே பதியாத மோனோக்ரோம் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும், ஃபிலிமில் செய்வது போலவே, எடுப்பதற்கு முன்பே ஃபில்டரை முடிவு செய்தாக வேண்டும்.