பப்ஜில பாத்ததை வச்சு நிஜத் துப்பாக்கிய பத்தி பேசும்போது பண்ணக்கூடாத தப்புங்க

பப்ஜி கேம்ல பொச்சின்கிங்கிற ஊர்ல இறங்கி ஒரு வீட்ல ஏகேஎம் துப்பாக்கி எடுக்குறோம், பக்கத்து வீட்ல கார்98 ரைஃபிள் கிடைக்குது, ரெண்டையும் தோள்ல மாட்டிக்கிட்டு கீழ கிடக்குற 7.62னு போட்ட தோட்டா டப்பாவ அள்ளி பைல போட்டா ரெண்டுக்கும் ஓடிடுது. தினமும் பண்றதுதான், யாரும் யோசிக்கிறதில்ல. ஆனா இதையே நிஜம்னு நம்பி வீடியோலயும் கமெண்ட்லயும் அடிச்சு பேசுறவங்கள பாத்து பாத்துதான் இத எழுதணும்னு தோணுச்சு. எனக்கு இந்த துப்பாக்கிங்களோட கதை ரொம்ப பிடிக்கும், அதுல தப்பு தப்பா ஒண்ணு பரவுறப்ப மனசு கேக்க மாட்டேங்குது.

முதல் தப்பும் பெரிய தப்பும் இந்த 7.62தான். இது தோட்டாவோட பேர் இல்ல, வெறும் குறுக்களவு. நம்ம ஊர்ல பைப் வாங்கப் போனா முக்கால் இஞ்ச்னு மட்டும் சொன்னா பத்துமா, எவ்ளோ நீளம்னு சொல்ல வேணாமா, அதே மாதிரிதான். ஏகேஎம்-க்கு போறது 7.62×39, அந்த 39-ங்கிறது பித்தளையோ இரும்போ பின்னாடி இருக்குற கூட்டோட நீளம் மில்லிமீட்டர்ல. எம்24 ஸ்னைப்பருக்கு 7.62×51. மோசின் நாகன்ட் ரைஃபிளுக்கும் டிபி-28 மெஷின்கன்னுக்கும் 7.62×54, அதுலயும் அடில விளிம்பு வச்ச பழைய ரஷ்ய தோட்டா. கார்98-க்கு வந்தா அது 7.62-வே கிடையாது, ஜெர்மன்காரன் மவுசர் தோட்டா, 7.92×57. பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு பாத்தா ஏகே தோட்டா முழுசா அஞ்சரை சென்டிமீட்டர் சொச்சம்தான், மவுசர் தோட்டா 8 சென்டிமீட்டர் பக்கம் நிக்கும். ஒண்ணோட சேம்பர்ல (தோட்டா உக்கார்ற குழிவுல) இன்னொண்ணு ஒழுங்கா உக்காரவே உக்காராது. கேம்ல இத்தனை விதமா பிரிச்சா பைல லூட் பண்ணியே மேட்ச் முடிஞ்சிடும், அதனால எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுட்டாங்க, அது கேமுக்கு சரி, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. "ரெண்டும் 7.62 தானே, அப்ப ஏகேஎம்மும் எம்24-உம் ஒரே பவர்"னு முடிவு கட்டுறதுதான் தப்பு. 51 கூட்டுக்குள்ள இருக்குற வெடிமருந்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அது தள்ளுற தள்ளே வேற.

எங்க மாமா ஒருத்தர் ஆர்மில இருந்து ரிட்டயர்டு ஆனவர். பொங்கலுக்கு வந்தப்ப நான் விளையாடுறத எட்டிப் பாத்துட்டு எஸ்எல்ஆர்னு ஒரு ரைஃபிள் பேர் ஸ்கிரீன்ல வந்ததும் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு உக்காந்துட்டார். "மாப்ள, இதுக்கு 20 ரவுண்டு மேகசின்டா, நீ என்ன 10 போட்டு சுடுற?"னு கேட்டார். கரெக்ட்தான், கேம்ல எக்ஸ்டெண்டட் மேகசின் (பெரிய தோட்டாப் பெட்டி) மாட்டுனாதான் 20, நிஜத்துல வெறும் எஸ்எல்ஆர் மேகசினே 20. பெல்ஜியத்து எஃப்என் ஃபால் துப்பாக்கிதான் அதுக்கு மூலம், நம்ம இந்தியாவுல இஷாப்பூர்ல பண்ணாங்க, 7.62×51, இன்சாஸ்ங்கிற அடுத்த ரைஃபிள் வர்ற வரைக்கும் ஆர்மியோட கையில இருந்தது அதுதான். "இத தூக்கிட்டு நடந்தா தோள்ல தழும்பு விழுந்துரும்டா"னு சட்டைய விலக்கி அந்த இடத்த காட்டினார். நாலு கிலோவுக்கு மேல எடை, அதுவும் வெறும் துப்பாக்கி.

அடுத்தது பேர் விஷயம். நியூஸ்ல, கேம்ல, படத்துல எங்க மரக்கட்ட பிடி வச்ச வளைஞ்ச மேகசின் துப்பாக்கிய பாத்தாலும் ஏகே-47னு சொல்லிடுறோம். கலாஷ்னிகோவோட முதல் ஏகே 1949-ல சோவியத் ஆர்மிக்கு போச்சு. 1959-ல அதையே திருத்தி ஏகேஎம்னு கொண்டு வந்தாங்க, உடம்ப இரும்புக் கட்டிய குடைஞ்சு பண்ணாம தகடை அழுத்தி மடிச்சு பண்ணாங்க, எடை 3.1 கிலோவுக்கு இறங்குச்சு, பண்றதும் சுலபமாச்சு. உலகம் பூரா கொட்டிக் கிடக்குறது இந்த ஏகேஎம் வகையும் சீனாக்காரனோட டைப் 56-உம்தான். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், குழல் முனைய பாருங்க, பேனா நிப்பு மாதிரி சாய்வா வெட்டுன சின்ன துண்டு இருந்தா அது பெரும்பாலும் ஏகேஎம். முன்னாடி குறி பாக்குற முள்ளு முழு வளையத்துக்குள்ள மூடி இருந்தா டைப் 56-ஆ இருக்க வாய்ப்பு அதிகம். பப்ஜில கரெக்டா ஏகேஎம்னுதான் பேர் வச்சிருக்காங்க, நாமதான் அத ஏகே-47னு கூப்பிடுறோம். இன்னொண்ணு, ஏகேன்னா ரஷ்யா மட்டும்னு நினைக்காதீங்க, நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலையிலயே ஏகே வகையில திருச்சி அசால்ட் ரைஃபிள்னு ஒண்ணு பண்றாங்க, அதே 7.62×39தான். உத்தரப் பிரதேசத்துல அமேதி பக்கம் கோர்வாவுல ஏகே-203 பண்றதுக்கு 2021-ல 6 லட்சத்துக்கு மேல ஆர்டர் போட்டாங்க, அதுவும் அதே தோட்டா.

அடுத்து, பப்ஜில வர்ற எம்416-ங்கிற பேர்ல எந்த ஆர்மியும் துப்பாக்கி வச்சிருக்கல. அது ஜெர்மனி ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியோட எச்கே416. பாக்க அமெரிக்க ஆர்மியோட எம்4 மாதிரியே இருக்கும், ஆனா உள்ள வேல செய்யிற விதம் வேற. எம்4-ல சுட்ட சூட்டு வாயு ஒரு சின்ன குழாய் வழியா நேரா பின்னாடி வந்து போல்ட்ட (தோட்டாவ உள்ள தள்ளி மூடுற இரும்புத் துண்ட) தள்ளும், கரியும் சூடும் உள்ளயே வந்து சேரும். எச்கே416-ல நடுவுல ஒரு குட்டி பிஸ்டன் இருக்கு, வாயு அதைத் தள்ளும், அது போல்ட்ட தள்ளும், உள்ள அழுக்கு கம்மி. 2011-ல அபோட்டாபாத்ல பின்லேடன் வீட்டுக்குள்ள போன அமெரிக்க கடற்படையோட சீல் கமாண்டோ ஆளுங்க கையில இருந்ததா சொல்றது இதுதான், பிரெஞ்சு ஆர்மியும் தன்னோட பழைய ஃபமாஸ் ரைஃபிள கழட்டி வச்சுட்டு இதுக்குதான் மாறுச்சு. அப்புறம் ஏஆர்-15ங்கிற துப்பாக்கி பேர்ல வர்ற ஏஆர்-க்கு அசால்ட் ரைஃபிள்னு அர்த்தம் சொல்றவங்க நிறைய, இல்லங்க, அது ஆர்மலைட்ங்கிற கம்பெனி பேர்ல இருந்து வந்தது.

ரீலோடு. இங்கதான் கேம் நம்மள ரொம்ப கெடுத்து வச்சிருக்கு. நாலு புல்லட் சுட்டதும் கை தானா ரீலோடு பட்டனுக்கு போகும், மிச்சம் இருந்த 26-உம் மாயமா பைக்குள்ள போய் சேர்ந்துடும். நிஜத்துல அந்த 26-உம் அந்த மேகசினுக்குள்ளயேதான் இருக்கும். கீழ போட்டா போச்சு, இல்லன்னா பவுச்சுல திருப்பி சொருகணும், அப்புறம் நேரம் கிடைக்கும்போது உக்காந்து ஒவ்வொண்ணா விரலால அழுத்தி நிரப்பணும். இரும்பு ஏகே மேகசின் நிரப்புனா முக்கால் கிலோ தாண்டும், அத அங்கங்க எறிஞ்சுட்டு போக யாருக்கு மனசு வரும். மாட்டுறதும் ஒரே மாதிரி இல்ல. ஏகேல மேகசினோட முன் மூக்க முதல்ல கொக்கில மாட்டி பின்பக்கமா ஆட்டி ஏத்தணும், டக்னு சத்தம் வரும், எம்4-ல நேரா மேல தள்ளுனா போதும். ஏகேல கடைசி தோட்டா போனதும் போல்ட் பின்னாடி நிக்காது, மூடிக்கும், ட்ரிக்கர இழுத்தா வெறும் க்ளிக்தான், அதனால புது மேகசின் மாட்டிட்டு வலது பக்க கைப்பிடிய ஒரு தடவ இழுத்து விட்டே ஆகணும். எம்4-ல போல்ட் பின்னாடி நின்னுடும், மாட்டிட்டு இடது பக்கம் தட்டுனா போதும். உள்ள ஒரு புல்லட் மிச்சம் இருக்கும்போது மாத்துனா 30-ம் ஒண்ணும் 31, சில கேம்ல இத சரியா காட்டுறாங்க, அதப் பாத்து பக்னு (கேமோட கோளாறுன்னு) நினைச்சவங்களும் இருக்காங்க, பக் இல்ல அது.

இதே வரிசையில எம்1 கேரண்ட், ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கக்காரங்க வச்சிருந்த ரைஃபிள். பழைய ரெண்டாம் உலகப்போர் கேம்ங்கள்ல எட்டு தோட்டாவும் சுட்டு முடிச்சாத்தான் ரீலோடு ஆகும், அதனால நிஜத்துலயும் பாதில மாத்தவே முடியாதுன்னு ஒரு நம்பிக்க. முடியும், போல்ட்ட பின்னாடி இழுத்து பிடிச்சுக்கிட்டு பக்கத்துல இருக்குற தாழ அமுக்குனா மிச்சம் இருக்குற தோட்டாவோட கிளிப்பு (தோட்டாங்கள சேத்துப் பிடிக்கிற தகடு) மேல எழும்பி வந்துடும். கொஞ்சம் மெனக்கெடணும், அவ்ளோதான். கார்98-லயும் அஞ்சு தோட்டா கோத்த கிளிப்ப மேல இருந்து ஒரே அழுத்தா அழுத்துறது வழக்கம், ஆனா மேல ஸ்கோப் வந்துட்டா கிளிப்புக்கு இடமில்ல, ஒண்ணொண்ணா தள்ளணும்.

சைலன்சர் போட்டா சத்தமே வராதுன்னு இன்னும் நம்புறவங்க இருக்காங்க. எம்4 மாதிரி 5.56 குறுக்களவு ரைஃபிளோட சத்தம் 160 டெசிபல் தாண்டும், சப்ரசர்னு சொல்ற நல்ல சைலன்சர் போட்டாலும் 130 பக்கம் மிச்சம் இருக்கும், அதுவே காது வலிக்கிற சத்தம். அதோட புல்லட் போறது செகண்டுக்கு 900 மீட்டர் பக்கம், சத்தத்தோட வேகமே 340 தான், அதனால புல்லட் காத்த கிழிச்சுக்கிட்டு போற படார் சத்தம் தனியா வரும், அத முனையில எதை மாட்டியும் நிறுத்த முடியாது. சப்ரசரோட உண்மையான லாபம் என்னன்னா சுட்ட இடம் எதுன்னு எதிராளிக்கு சட்டுனு பிடிபடாது, நெருப்பு தெரியாது, கூட இருக்குறவங்க காது தப்பிக்கும்.

ஸ்னைப்பர் பக்கம் சுருக்கமா சொல்லிடுறேன். கவுண்டர் ஸ்ட்ரைக் கேம்ல கிளிக் பண்ண நொடியே புல்லட் போய் சேந்துடும், அதுல கத்துக்கிட்டு பப்ஜிக்கு வந்தவங்க ஓடுற ஆள் மேலயே குறி வச்சு விட்டுடுறாங்க. ஏகேஎம் புல்லட் குழல விட்டு 715 மீட்டர் வேகத்துல கிளம்புனாலும் போகப்போக வேகம் குறையும், 300 மீட்டர் போக அரை செகண்ட் ஆகும், அதுக்குள்ள ஓடுற ஆள் ரெண்டு மீட்டர் தாண்டியிருப்பான். பப்ஜில விமானம் போடுற ஏர்ட்ராப் பெட்டில வர்ற ஏடபிள்யூஎம் (ஆர்க்டிக் வார்ஃபேர் மேக்னம்) இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் கம்பெனி அக்யூரசி இண்டர்நேஷனலோடது, பேர்ல இருக்குற ஆர்க்டிக் சும்மா ஸ்டைலுக்கு இல்ல, சுவீடன் ஆர்மி கேட்டபடி உறையிற குளிர்ல வேல செய்யிற மாதிரி பண்ண வம்சம் அது. அதோட .338 தோட்டா வகையிலதான் கிரெய்க் ஹாரிசன்ங்கிற பிரிட்டிஷ் வீரர் 2009-ல ஆப்கானிஸ்தான்ல 2,475 மீட்டர் தூரம் அடிச்சார். துப்பாக்கி மட்டும் ஆறு கிலோவுக்கு மேல. அதோட ஏகேஎம் 3 கிலோ, அதுக்கு 300 தோட்டான்னா இன்னொரு 5 கிலோ பக்கம், இவ்ளோவும் தூக்கிட்டு நம்ம கேரக்டர் ஜன்னல்ல இருந்து குதிச்சு ஓடுது.

கடைசியா ரீகாயில், அதாவது சுடும்போது துப்பாக்கி உதைக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்ல ஏகே முதல்ல மேல, அப்புறம் பக்கவாட்டுல போற கோலம் எப்பவும் ஒண்ணுதான், மனப்பாடம் பண்ணி மவுச இழுத்தா புள்ளில அடிக்கலாம். நிஜத்துல அப்படி நிலையான கோலம் கிடையாது, புடிக்கிற ஆளு, நிக்கிற விதம், தோள்ல பதிஞ்ச இடம் எல்லாம் மாத்தும். மேல சொன்ன ஏகேஎம்மோட பேனா நிப்பு முனை குழல் ஏறுறத அடக்கத்தான், வாயுவ மேலயும் வலதுபக்கமும் திருப்பி விட்டு குழல கீழயும் இடதுபக்கமும் அழுத்தும், ஏன்னா வலதுகைக்காரங்களுக்கு துப்பாக்கி வலதுபக்கமா ஏறும். ஏகேல பக்கவாட்டு நெம்புகோல ஒரு படி இறக்குனா ஆட்டோ, இன்னொரு படி இறக்குனாதான் ஒண்ணொண்ணா சுடுறது, பயத்துல அடிவரைக்கும் அமுக்குனாலும் சிங்கிள்ல போய் நிக்கும், எனக்கு இந்த யோசனை ரொம்ப பிடிச்ச விஷயம்.

நான் நிஜமா சுட்டது என்சிசி கேம்ப்ல .22 ரைஃபிள் மட்டும்தான், அதுக்கு ரீகாயில்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமே கிடையாது. தரைல விரிப்பு போட்டு குப்புற படுத்து, முழங்கை ரெண்டையும் ஊனி, கன்னத்த கட்டைல ஒட்ட வச்சு ஒரு கண்ண மூடுனதும் முதல்ல தெரிஞ்சது அந்த முன் முள்ளு ஆடுறது. மூச்ச பாதி விட்டு நிறுத்துன்னாங்க, நிறுத்துனேன், அப்பவும் நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் முள்ளு லேசா ஏறி இறங்குச்சு. அஞ்சு ரவுண்டு சுட்டுட்டு பேப்பர எடுத்து பாத்தா மூணு ஓட்டை ஒரு ரூபா காசு அளவுல கூடி இருந்துச்சு, நாலாவது ஒரு சாண் தள்ளி, அஞ்சாவது பேப்பர்லயே இல்ல.